முனகும் மாதிரிப் படகு: ஓசையின் மூலத்தைத் தேடி

மேசை மின்விசிறி கரகரக்கத் தொடங்கினால், அனுபவம் வாய்ந்த மெக்கானிக் அதை உடனே கழற்றுவதில்லை. சற்று நேரம் அதன் ஒலியைக் கேட்கிறார். பிறகு மின்சாரத்தை நிறுத்திவிட்டு, இறக்கையைக் கையால் சுழற்றிப் பார்க்கிறார். புஷ் காய்ந்திருக்கிறதா, தேய்ந்திருக்கிறதா, அல்லது அதனுள் சுழலும் தண்டே வளைந்திருக்கிறதா என்பதைப் பிரித்தறிந்த பின்னரே திருப்புளியைக் கையில் எடுக்கிறார். காய்ந்த புஷ்ஷுக்குச் சில சொட்டு எண்ணெய் போதும். தேய்ந்த புஷ்ஷை மாற்றியாக வேண்டும். தண்டு வளைந்திருந்தாலோ, எத்தனை புஷ் மாற்றினாலும் பயன் இராது.

இதே பாடம், ரேடியோ விசையால் இயங்கும் மாதிரிப் படகுகளுக்கும் முழுமையாகப் பொருந்தும். 1898-ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் மாடிசன் சதுக்க அரங்கில், நிக்கோலா தெஸ்லா ரேடியோ அலைகளால் இயக்கப்படும் சிறு படகு ஒன்றை மக்கள் முன் ஓட்டிக் காட்டினார். அன்று வியப்பூட்டும் காட்சியாக இருந்தது இன்று நம் நாட்டின் பல நகரங்களில் விடுமுறை நாள் பொழுதுபோக்காகிவிட்டது. தேசிய மாணவர் படையின் கடற்படைப் பிரிவில் கப்பல் மாதிரி அமைத்தல் ஒரு பயிற்சியாகவே கற்பிக்கப்படுகிறது. அகில இந்திய நௌ சைனிக் முகாமில் அதற்குப் போட்டியும் நடைபெறுகிறது. பல மாத உழைப்பில் பலகையும் பசையும் வண்ணமுமாக உருவான ஒரு படகு, நீரில் இறங்கியதும் "கர்ர்ர்" என்று முனகினால், அதைச் செய்த மாணவரின் முகம் வாடுவது இயல்பே.

அத்தகைய வேளையில் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான்: புதிய புஷ் வாங்கிப் பொருத்துகிறார்கள். சில நாட்கள் அமைதி நிலவுகிறது. பிறகு அதே முனகல் திரும்புகிறது. ஓசை எழுவது புஷ்ஷில் என்றாலும், குறை பல வேளைகளில் வேறோர் இடத்தில் இருக்கிறது என்பதே இதன் காரணம். அந்த இடத்தை முறையாகக் கண்டறிவது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் நாம் காண்போம்.

உறுப்புகளை அறிவோம்

மாதிரிப் படகின் இயக்கத் தொடர் எளிமையானது. படகின் உள்ளே மோட்டார் இருக்கிறது. அதன் முனையைச் சுழல்தண்டுடன் இணைப்பது கப்ளிங். பட்டறைகளில் ‘ஷாஃப்ட்’ என வழங்கும் இச்சுழல்தண்டு, பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகால் ஆனது. நடுத்தர அளவுப் படகுகளில் 4 மி.மீ. விட்டம் கொண்டது. படகின் அடிப்புறத்தைத் துளைத்துச் சாய்வாக வெளியேறும் பித்தளைக் குழாய் ஒன்றினுள் இத்தண்டு செல்கிறது. குழாயின் இரு முனைகளிலும் தண்டைத் தாங்கும் சிறு வளையங்களே புஷ்கள். தண்டின் வெளிமுனையில் புரொப்பெல்லர் திருகப்பட்டிருக்கிறது.

குழாயின் நடுப்பகுதியில் தண்டுக்கும் குழாய்ச் சுவருக்கும் இடையே வெற்றிடம் உண்டு. அவ்விடத்தில் நிரப்பப்படும் கிரீஸ் இரண்டு பணிகளைச் செய்கிறது. புஷ்களுக்கு வழுவழுப்பைத் தருகிறது. வெளியிலுள்ள நீர் குழாய் வழியே படகினுள் ஏறாமல் தடுக்கிறது. ஆகவே, பட்டாணிக் கடலை அளவேயுள்ள புஷ் ஒரே நேரத்தில் தாங்கியாகவும் காவலாகவும் விளங்குகிறது.

ஓசையைப் பொருட்படுத்த வேண்டுவது ஏன்?

சிறிதளவு ஓசை எல்லாப் படகிலும் இருக்கும். ஆனால் நேற்று இல்லாத ஓசை இன்று எழுந்தால், எங்கோ ஆற்றல் வீணாகிறது என்று பொருள். ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். 7.2 வோல்ட், 3,000 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரியில் ஓடும் படகு ஒன்று சராசரியாக 6 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுப்பதாகக் கொள்வோம். அது 30 நிமிடங்கள் ஓடும். உராய்வு கூடியதால் மின்னோட்டம் 7.5 ஆம்பியராக உயர்ந்தால், ஓட்டம் 24 நிமிடங்களாகக் குறைந்துவிடும். கூடுதலான 1.5 ஆம்பியர், ஏறத்தாழ 11 வாட் ஆற்றலுக்குச் சமம். சாதாரண 25 வாட் சால்டரிங் அயர்னின் வெப்பத்தில் இது கிட்டத்தட்டப் பாதி. இவ்வெப்பத்தின் பெரும்பகுதி ஒரு சிறு புஷ்ஷிலும் மோட்டாரிலும் இறங்கினால் என்னவாகும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். பிளாஸ்டிக் புஷ் இளகும். கிரீஸ் உருகி வழியும்.

கிரீஸ் வழிந்த குழாயில் நீர் ஏறத் தொடங்கும். குழாயின் உள்முனை நீர்மட்டத்துக்குக் கீழே அமைந்திருந்தால், படகு மெல்ல மெல்ல நிரம்பும். அடித்தளத்தில் கிடக்கும் பேட்டரி, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, ரிசீவர் ஆகியவை நனையும். புஷ் ஒன்றின் விலையோடு ஒப்பிட்டால் இவை ஒவ்வொன்றும் பன்மடங்கு விலை உடையவை.

பழைய 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக் கருவிகளைப் பயன்படுத்துவோருக்கு இன்னுமோர் இடர் உண்டு. உலோகத்தோடு உலோகம் அதிர்ந்து உரசும்போது எழும் மின் இரைச்சல், ரிசீவரைக் குழப்பிவிடக்கூடும். படகு தானாகத் திரும்புவது, நடுங்குவது போன்ற அறிகுறிகள் சில நேரங்களில் இதனால் விளைபவை.

இவை அனைத்தையும்விடப் பெரிய இடர் ஒன்று உள்ளது. தண்டு இறுகிப் படகு ஏரியின் நடுவே நின்றுவிட்டால், அதை மீட்கச் சிறுவர்கள் நீரில் இறங்க முற்படுவார்கள். ஆழமும் சேறும் அறியாத நீர்நிலையில் அது உயிருக்கே ஆபத்து. ஓசையைத் தொடக்கத்திலேயே கவனிப்பது, பணத்தை மிச்சப்படுத்தும் செயல் மட்டுமன்று.

முதலில் பிரித்தறிவோம்

எதையும் மாற்றுவதற்கு முன், ஓசை எந்த உறுப்பில் பிறக்கிறது என்பதை ஐந்து படிகளில் கண்டறியலாம். ஒவ்வொரு படியிலும் ஓர் உறுப்பைத் தனியே சோதிக்கிறோம். அல்லது கூடுதலாக ஓர் உறுப்பைச் சேர்க்கிறோம். ஓசை எந்தப் படியில் முதன்முதலாகத் தோன்றுகிறதோ, அங்கேதான் குறை.

முதற்படி: பேட்டரியைக் கழற்றிவிட்டுப் புரொப்பெல்லரின் பின்புறத்தைப் பாருங்கள். நம் ஏரி குளங்களில் மிதக்கும் தூண்டில் நூல், பட்ட நூல், கொடித் தண்டு முதலியவை புரொப்பெல்லருக்கும் புஷ்ஷுக்கும் இடையே சுற்றிக்கொள்வது அன்றாட நிகழ்வு. நைலான் நூல் புஷ்ஷின் வாயை அறுத்துத் தேய்த்துவிடும். பல முனகல்களுக்கு இந்த ஒரு நிமிடச் சோதனையே தீர்வு தந்துவிடுகிறது.

இரண்டாம் படி: கப்ளிங்கைத் தளர்த்தி மோட்டாரைத் தனியே பிரித்து, மெதுவான வேகத்தில் சில நொடிகள் ஓடவிடுங்கள். இப்போதே கரகரப்பு கேட்டால், குறை மோட்டாரின் தாங்கியில் இருக்கிறது. புஷ்ஷை மறந்துவிடலாம்.

மூன்றாம் படி: பேட்டரியை மீண்டும் கழற்றிவிட்டு, சுழல்தண்டை விரல்களால் சுழற்றுங்கள். அது தடையின்றிச் சுழல வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் இறுக்கம் தெரிந்தால், தண்டு வளைந்திருக்கிறது. சுற்று முழுவதும் இறுக்கம் தெரிந்தால், புஷ் காய்ந்தோ, உப்பியோ, கோணலாகப் பொருந்தியோ இருக்கலாம். புரொப்பெல்லரைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைக்கும்போது "டக் டக்" என ஆட்டம் தெரிந்தால், புஷ் தேய்ந்துவிட்டது.

நான்காம் படி: புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, கப்ளிங்கை மீண்டும் இணைத்து, வேகத்தைப் படிப்படியாக உயர்த்துங்கள். புஷ் உலர்ந்து சூடாகாதபடி சில நொடிகளில் நிறுத்திவிட வேண்டும். தனித்தனியே அமைதியாக இருந்த மோட்டாரும் தண்டும் இணைந்தவுடன் முனகினால், இரண்டும் ஒரே நேர்க்கோட்டில் இல்லை என்பது பொருள்.

ஐந்தாம் படி: புரொப்பெல்லரைப் பொருத்தி, பெரிய தொட்டி நீரில் படகை உறுதியாகப் பிடித்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். இப்போது மட்டும் ஓசை எழுந்தால், புரொப்பெல்லரின் சமநிலையையோ தண்டின் முன்பின் நகர்வையோ ஐயுற வேண்டும். விரல்கள், தலைமுடி, தொங்கும் ஆடை ஆகியவை சுழலும் பகுதிகளின் அருகே செல்லாதபடி பார்த்துக்கொள்வது இன்றியமையாதது.

ஓசை வரும் இடத்தை இன்னும் நுட்பமாக அறிய விரும்பினால், ஒரு மரக்குச்சியின் ஒரு முனையைக் குழாய் தாங்கியின்மீது மெல்ல வைத்து, மறுமுனையைக் காதருகே கொண்டு செல்லுங்கள். மருத்துவரின் ஸ்டெதஸ்கோப்பைப் போல், இக்குச்சி ஓர் இடத்தின் அதிர்வை மட்டும் தெளிவாகச் சொல்லும்.

நேர்க்கோடு தவறினால்

முனகலுக்கு மிகப் பரவலான காரணம், மோட்டாரும் தண்டும் ஒரே கோட்டில் அமையாமைதான். இதில் இரு வகை உண்டு. இரண்டும் இணையாக இருந்தும் ஒன்று மேலே, மற்றொன்று கீழே என விலகியிருப்பது முதல் வகை. இரண்டும் ஒரு புள்ளியில் சந்தித்தாலும் கோணமாக மடங்கியிருப்பது இரண்டாம் வகை. இரண்டிலும் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் புஷ்ஷை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. வட்டமான துளை நாளடைவில் நீள்வட்டமாகிறது. கழற்றிப் பார்க்கும்போது கிரீஸ் கருஞ்சாம்பல் நிறப் பசையாக மாறியிருந்தால், அதில் கலந்திருப்பது தேய்ந்த உலோகத் துகளே.

கப்ளிங்கின் திருகாணிகளைத் தளர்த்தும் கணத்தில் தண்டு ஒரு பக்கமாகத் துள்ளி விலகினால், விலகல் உறுதி. இதைச் சரிசெய்ய எளிய வழி ஒன்று உண்டு. மோட்டார் முனையும் தண்டு முனையும் தளர்வின்றி நுழையக்கூடிய துளைகளைக் கொண்ட ஓர் உலோக உருளையை லேத் பட்டறையில் கடைந்து வாங்கிக்கொள்ளுங்கள். கப்ளிங்கின் இடத்தில் அதைப் பொருத்தினால், இரு முனைகளும் தாமாகவே நேர்க்கோட்டுக்கு வந்து நிற்கும். அந்நிலையில் மோட்டார் தாங்கியின் திருகாணிகளை இறுக்க வேண்டும். தாங்கிக்கும் அடித்தளத்துக்கும் இடையே இடைவெளி தோன்றினால், மெல்லிய தகட்டுத் துண்டுகளைச் செருகலாம். காலியான குளிர்பான டின்னின் பக்கத்தகடு ஏறத்தாழ 0.1 மி.மீ. தடிமன் உடையது, இப்பணிக்கு மிக ஏற்றது. எல்லாம் இறுகிய பின் உருளையை எடுத்துவிட்டு, நெகிழ்வுள்ள கப்ளிங்கை மீண்டும் பொருத்துங்கள்.

மூட்டு உள்ள கப்ளிங் இருக்கும்போது கோணம் எதற்குப் பொருட்டு என்று சிலர் எண்ணுவதுண்டு. ஒற்றை மூட்டு, கோணத்தைப் பொறுத்துக்கொள்ளும்; ஆனால் ஒரு விலையை வசூலிக்கும். மோட்டார் சீராகச் சுழன்றாலும், மூட்டுக்கு அப்பால் உள்ள தண்டு ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடியும் குறைந்தும் சுழலும். 10 பாகைக் கோணத்தில் இவ்வேறுபாடு ஏறத்தாழ 1.5 விழுக்காடு மட்டுமே. 20 பாகையில் அது 6 விழுக்காட்டைத் தொடுகிறது. கோணம் இரு மடங்கானால் அதிர்வு நான்கு மடங்காகிறது. ஆகவே, மூட்டு என்பது சிறு பிழையை மன்னிக்கும் ஏற்பாடே தவிர, பெரும் பிழைக்கு உரிமம் அன்று.

நீண்ட தண்டின் துள்ளல்

சில படகுகளில் ஓசை விந்தையாக நடந்துகொள்கிறது. மெதுவான வேகத்தில் அமைதி. பாதி வேகத்தில் பேரிரைச்சல். முழு வேகத்தில் மீண்டும் ஓரளவு அமைதி. புஷ் தேய்மானம் இவ்வாறு ஒரு வேகத்தில் மட்டும் வெளிப்படுவதில்லை. இது தண்டின் துள்ளல்.

இரு முனைகளில் மட்டும் தாங்கப்பட்ட எந்தத் தண்டுக்கும் அதற்கே உரிய அதிர்வெண் ஒன்று உண்டு. சுழற்சி வேகம் அதனோடு ஒத்துப்போகும்போது, சிறுமியர் சுழற்றும் ஸ்கிப்பிங் கயிற்றைப் போல் தண்டு நடுவில் வளைந்து சுழலும். குழாய்ச் சுவரில் மோதும். 4 மி.மீ. எஃகுத் தண்டு 300 மி.மீ. இடைவெளியில் தாங்கப்பட்டிருந்தால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 5,300 சுற்றில் இது நிகழும் என்பது கணக்கு. இடைவெளி 200 மி.மீ. என்றால் ஏறத்தாழ 12,000 சுற்று. 150 மி.மீ. என்றால் 21,000 சுற்றுக்கும் மேல்.

இவ்வெண்களை மோட்டாரோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். பிரஷ் இல்லாத மோட்டார்களின் மேல் ‘கேவி’ என்று ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். ஒரு வோல்ட்டுக்கு, சுமையின்றி நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதை அது குறிக்கிறது. 1,000 கேவி மோட்டாரை 11.1 வோல்ட் பேட்டரியுடன் இணைத்தால், சுமையற்ற வேகம் 11,100 சுற்று. 300 மி.மீ. தண்டு அந்த வேகத்தை அடைவதற்குள் தன் துள்ளல் வேகத்தைக் கடந்தே தீர வேண்டும். நடுவே இன்னொரு புஷ்ஷைச் சேர்த்து இடைவெளியைப் பாதியாக்கினால், துள்ளல் வேகம் நான்கு மடங்கு உயர்ந்து, மோட்டாரின் எல்லைக்கு அப்பால் சென்றுவிடும். இங்கே தேவை புதிய புஷ் அன்று, கூடுதலான புஷ்.

தண்டு வளைந்திருந்தால் இத்துள்ளல் முன்னதாகவே தொடங்கும். தண்டை உருவி எடுத்து, சமமான கண்ணாடிப் பலகையின்மீது உருட்டிப் பாருங்கள். கண்ணாடிக்கும் தண்டுக்கும் இடையே வெளிச்சக் கீற்று தோன்றித் தோன்றி மறைந்தால், தண்டு வளைந்திருக்கிறது. சுத்தியலால் நிமிர்த்த முயல்வதைவிடப் புதிய தண்டு வாங்குவதே நலம்.

எந்தப் புஷ்ஷுக்கு எந்தப் பராமரிப்பு?

புஷ்கள் எல்லாம் ஒன்றல்ல. ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு நஞ்சாகலாம்.

உலோகத் துகள்களை அழுத்திச் சூடேற்றி உருவாக்கப்படும் வெண்கலப் புஷ்ஷினுள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உள்ளன. அவற்றில் எண்ணெய் தேங்கியிருக்கும். தண்டு சுழன்று சூடேறும்போது எண்ணெய் கசிந்து வெளிவரும். குளிரும்போது மீண்டும் உள்ளே உறிஞ்சப்படும். மேசை மின்விசிறிகளிலும் இவ்வகைப் புஷ்கள் பரவலாக உண்டு. இதைப் பெட்ரோலிலோ தின்னரிலோ கழுவினால் உள்ளிருக்கும் எண்ணெயும் கரைந்து போய்விடும். அவ்வாறு நேர்ந்தால், இளஞ்சூடான மெல்லிய இயந்திர எண்ணெயில் சில மணி நேரம் ஊறவைக்க வேண்டும். இதன் துளையை உப்புத்தாளால் தேய்ப்பதும் தவறு, நுண்துளைகள் அடைபட்டுவிடும்.

நைலான் புஷ் மலிவானது, அமைதியானது. ஆனால் நீரை உறிஞ்சி உப்பும் இயல்புடையது. கடையில் கச்சிதமாக இருந்த புஷ், ஒரு நாள் நீரில் கிடந்ததும் தண்டை இறுகப் பற்றிக் கீச்சிடுவதன் காரணம் இதுவே. கரையில் சோதித்தால் குறை தெரியாது. நீரில் ஊறிய பின்னரே தெரியும். டெல்ரின் எனப்படும் அசிட்டால் பிளாஸ்டிக் இந்த வகையில் மேலானது. மிகக் குறைவாகவே நீரை ஏற்கும். டெஃப்லான் இயல்பாகவே வழுவழுப்பானது, எனினும் மென்மையானது. தொடர்ந்த அழுத்தத்தில் மெல்ல உருமாறிவிடும்.

பந்துத் தாங்கிகளைப் பொருத்தினால் எல்லாம் தீரும் என்ற எண்ணமும் உண்டு. நீர் படாத உள்முனையில் அவை நன்று. வெளிமுனையில் நீர் புகுந்து துருப்பிடித்தால், முன்பைவிட உரத்த ஓசையே மிஞ்சும்.

பெருங்கப்பல்களின் வரலாறும் இதே பாடத்தைச் சொல்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், புரொப்பெல்லர் பொருத்திய நீராவிக் கப்பல்களில் உலோகத் தாங்கிகள் விரைவில் தேய்ந்துபோயின, தண்டு ஆடியது, கடல்நீர் உட்புகுந்தது. 1854-இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஜான் பென், தாங்கியின் உட்புறத்தில் லிக்னம் விட்டே என்னும் மரத்தின் கட்டைத் துண்டுகளைப் பதித்துத் தீர்வு கண்டார். வெப்பமண்டல அமெரிக்காவில் வளரும் இம்மரத்தின் கட்டை, நீரில் மூழ்கிவிடும் அளவுக்கு அடர்த்தியானது, பிசின் நிறைந்தது. துண்டுகளுக்கு இடையே ஓடிய கடல்நீரே அங்கு எண்ணெயின் வேலையைச் செய்தது. உலோகத்தை மேலும் கடினமாக்குவதால் அன்றி, தண்டுக்கும் சூழலுக்கும் ஏற்ற பொருளைத் தேர்ந்ததால் கிடைத்த வெற்றி அது. நீரையே வழுவழுப்பாகக் கொள்ளும் புஷ்கள் மாதிரிப் படகுகளிலும் உண்டு. அவற்றைக் கரையில் உலர்வாக ஓட்டினால் கீச்சிடுவது இயல்பே; அதைப் பழுதென்று கொள்ளலாகாது.

கிரீஸைத் தேர்வதிலும் நிதானம் வேண்டும். மாட்டுவண்டியின் அச்சுக்கு மை இடுவது போல் அள்ளிப் பூசினால், கெட்டியான கிரீஸே தண்டுக்குத் தடையாகிப் பேட்டரியைத் தின்னும். நீரில் கரையாத மெல்லிய கிரீஸ் போதுமானது. துருவை இளக்கும் தெளிப்பு எண்ணெய்கள் அப்போதைக்கு ஓசையை அடக்கினாலும், விரைவில் கழுவப்பட்டுவிடும். பழைய கிரீஸையும் கரைத்து வெளியேற்றும். குழாயின் நடுவே நீர்மட்டத்துக்கு மேல் நிற்கும் சிறு கிளைக்குழாய் ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டால், தண்டைக் கழற்றாமலே கிரீஸை ஏற்றலாம். மிகுதியான கிரீஸ் குளத்து நீரில் படலமாகப் பரவும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். உவர்நீரில் ஓட்டிய படகை நன்னீரில் அலசிவிட்டுப் புதிய கிரீஸ் இடுவது, பித்தளை அரிப்பைத் தடுக்கும்.

தலைமுடியின் அளவில் ஒரு கணக்கு

புஷ்ஷின் துளைக்கும் தண்டுக்கும் இடையே 0.02 முதல் 0.05 மி.மீ. வரை இடைவெளி இருப்பது நலம். நம் தலைமுடி ஒன்றின் தடிமனைவிட இது குறைவு. இதனினும் குறைந்தால் தண்டு இறுகும், கூடினால் தடதடக்கும்.

முன்பின் நகர்வுக்கும் அளவு உண்டு. படகு முன்னோக்கிச் செல்லும்போது, புரொப்பெல்லர் தண்டை உள்நோக்கித் தள்ளுகிறது. புரொப்பெல்லரின் பூட்டு நட் வெளிப்புஷ்ஷின் முகத்தில் அழுந்துகிறது. நட்டுக்கும் புஷ்ஷுக்கும் இடையே டெஃப்லான் வாஷர் ஒன்று இருப்பது நல்லது. நட்டை முழுதும் இறுக்கிவிட்டால் புஷ்ஷின் முகம் அரைபடும். மிகத் தளரவிட்டால், முன்னோட்டத்திலிருந்து பின்னோட்டத்துக்கு மாறும் ஒவ்வொரு முறையும் "டக்" என்று இடிக்கும். ஒரு தாளின் தடிமன் அளவுக்கு, அதாவது 0.1 மி.மீ. அளவுக்கு நகர்வு இருந்தால் போதும். இறுக்கும்போது ஒரு தாள் துண்டை இடையில் செருகி, பிறகு உருவிவிடுவது எளிய உத்தி.

புரொப்பெல்லரின் சமநிலையையும் வீட்டிலேயே சோதிக்கலாம். மெல்லிய கம்பி ஒன்றைக் கிடைமட்டமாகப் பிடித்து, அதில் புரொப்பெல்லரைத் தளர்வாகக் கோத்துச் சுழற்றிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இதழ் கீழே வந்து நின்றால், அது கனமானது. அவ்விதழின் முகத்தை நுண்ணிய உப்புத்தாளால் சிறிது சிறிதாகத் தேய்த்துச் சமன் செய்யலாம். விளிம்பு சிதைந்த புரொப்பெல்லரை மாற்றிவிடுவதே முறை.

மாற்றியே ஆக வேண்டுமெனில்

மேற்கண்ட சோதனைகளுக்குப் பின்னும் புஷ் தேய்ந்திருப்பது உறுதியானால், மாற்றும் பணிக்குச் செல்லலாம். பழைய புஷ்ஷைக் குடைந்து எடுக்க முயன்றால் குழாய் சிதைந்துவிடும். மரை வெட்டும் டேப் ஒன்றைப் புஷ்ஷின் துளையில் சில சுற்றுகள் திருகி, டேப்பைப் பிடித்து நேராக இழுத்தால் புஷ் அதனோடு வெளிவரும். பசையிட்டு ஒட்டப்பட்டிருந்தால், முதலில் சற்றுச் சூடேற்ற வேண்டும். அப்போது குழாயைப் படகோடு பிணைத்திருக்கும் எப்பாக்ஸி இளகாதபடி ஈரத்துணியைச் சுற்றிக்கொள்வது நல்லது.

பொருத்தமான புஷ் கடையில் கிடைக்காவிட்டால், கவலை வேண்டா. நம் ஊர்களில் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. பாஸ்பர் வெண்கலக் கம்பியில் புஷ் கடைந்து தரச் சொல்லலாம். பழைய தண்டையும் குழாயையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். துளையை வெறும் டிரில்லால் முடிக்காமல், சற்றுச் சிறிதாகத் துளைத்துப் பின் ரீமரால் சரியளவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். டிரில் இடும் துளை பெரும்பாலும் முழுவட்டமாக அமைவதில்லை.

புதிய புஷ்ஷைச் சில மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தால் சற்றுச் சுருங்கும். குழாயினுள் எளிதாக நுழையும். சுத்தியலால் அடிக்காமல், வைஸில் வைத்து மெதுவாக அழுத்த வேண்டும். இரு புஷ்களையும் பொருத்திய பின், தண்டு தன் எடையாலேயே குழாயினுள் வழுக்கிச் சென்றால் வேலை செம்மையாக முடிந்தது எனலாம்.

படகின் உடலும் ஓர் இசைக்கருவி

எல்லாம் சரியாக இருந்தும் ஓசை சற்று மிகுதியாகவே இருந்தால், படகின் உடலைக் கவனியுங்கள். வீணையின் குடம் தந்தியின் மெல்லிய அதிர்வைப் பெரிதாக்குவது போல், மெல்லிய பலகையோ ஃபைபர் தகடோ தண்டின் இயல்பான அதிர்வையும் பெருக்கிக் காட்டும். குழாய் நீளமாக இருந்து, முனைகளில் மட்டும் ஒட்டப்பட்டிருந்தால், நடுவே ஒரு மரத்தாங்கி வைத்து எப்பாக்ஸியால் பிணைக்கலாம். மோட்டார் தாங்கியின் அடியில் மெல்லிய ரப்பர்த் துண்டு வைப்பதும் பயன் தரும். ஆனால் இவை அனைத்தும் இறுதிப் படிகள். குறையைத் திருத்தாமல் ஓசையை மட்டும் மறைத்தால், நமக்கு எச்சரிக்கை தரும் குரலை நாமே அடைத்தவர்களாவோம்.

படகுக்கும் ஒரு பாஸ்புக்

கணக்குப் புத்தகத்தை அவ்வப்போது பார்ப்பவருக்கு, எங்கே பணம் கசிகிறது என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். படகுக்கும் அத்தகைய ஒரு சிறு நோட்டு வைத்துக்கொள்ளுமாறு வாசகர்களுக்குப் பரிந்துரைக்கிறோம். ஓட்டிய நாள், கிரீஸ் இட்ட நாள், தொட்டி நீரில் முழு வேகத்தில் இழுக்கும் மின்னோட்டம் ஆகிய மூன்றை மட்டும் குறித்தால் போதும். மின்னோட்டத்தை அளக்க ஏற்ற அளவுடைய வாட் மீட்டர் ஒன்று உதவும். ஒரே பேட்டரி, ஒரே புரொப்பெல்லர், ஒரே தொட்டி என்ற நிலையில் அந்த எண் மெல்ல ஏறத் தொடங்கினால், காது கேட்பதற்கு முன்பே புஷ்ஷின் நிலை தாளில் தெரிந்துவிடும்.

பிள்ளைகளுடன் நீர்நிலைக்குச் செல்லும் பெற்றோர், டென்னிஸ் பந்து கட்டிய நீண்ட கயிறு ஒன்றையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். நின்றுபோன படகுக்கு அப்பால் பந்தை எறிந்து, கயிற்றை மெல்ல இழுத்தால், படகு கரை சேர்ந்துவிடும். கயிறு எட்டாவிட்டால் காற்று படகைக் கரைக்குக் கொண்டுவரும் வரை காத்திருங்கள். எந்தப் படகுக்காகவும் யாரும் நீரில் இறங்க வேண்டா. கரையேறிய படகின் பேட்டரியைக் கழற்றிவிட்டு, புரொப்பெல்லரை விரலால் ஒருமுறை சுழற்றிப் பாருங்கள். தேடலை அங்கிருந்து தொடங்கலாம்.